ஸ்பிரிங்கும் குள்ளமான ஒருத்தியும்

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை லோகேஸ்வரி எழுதிக்கொள்வது. ரிங்லெட்டுக்கு மேலே இந்தத் தேயிலை மலையில் நான் நலம், பாப்பா ஷர்மினி நலம், உங்கள் மாப்பிள்ளை ஷாமலும் நலம். மூன்றாவது ஆள் கொஞ்ச நாளாக அளவுக்கு மீறி நலமாக இருக்கிறார், அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ஈப்போவில் நீங்களும் குமுதா அண்ணியும் சுகமாக இருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் பிறகு விசாரிக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பாப்பா இப்போதுதான் கண் மூடினாள், எப்போது திறப்பாள் என்று தெரியாது.

இந்தக் காலத்தில் யாராவது காகிதத்தில் எழுதுவார்களா என்று அண்ணி சிரிப்பார்கள். என் போனில்தான் இவர் பாப்பாவுக்குப் பாட்டுப் போட்டுக் காட்டுகிறார். நான் உங்களுக்கு ஒரு வரி அனுப்பி நீங்கள் பதில் போட்டால், ஆடுகிற யானைக்குட்டியின் தலைமேல் அது வந்து உட்காரும், இவர் படித்துவிடுவார். அதனால்தான் காகிதம். காலையில் ஈப்போவுக்குக் காய்கறி ஏற்றிப் போகிற லோரியில் உங்களுக்கு ஒரு பெட்டி கோஸ் அனுப்புகிறேன். கடிதம் கோஸுக்கு அடியில் இருக்கும். ஈரமாக இருந்தால் அது கோஸின் ஈரம், நான் அழுதேன் என்று நினைக்க வேண்டாம்.

விஷயம் ஸ்பிரிங். நீங்கள் ஸ்பேர்பார்ட்ஸ் கடையில் இத்தனை காலம் இருப்பவர், நம் குடும்பத்தில் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்த ஒரே ஆள், இந்த உலகத்தில் நான் நம்பக்கூடிய ஒரே ஆம்பிளையும் இப்போதைக்கு நீங்கள்தான். அதனால் நேரடியாகக் கேட்கிறேன். அதிகம் ஓடாத ஒரு போர்வீல் வண்டிக்கு, நன்றாகவே இருக்கிற ஸ்பிரிங்கைக் கழற்றிப் போட்டுவிட்டு, லோரிக்குப் போடுகிற மாதிரி தடிமனான ஸ்பிரிங்கும் குலுக்கலை அடக்குகிற உயரமான அப்சர்பரும் மாட்ட வேண்டிய அவசியம் ஒரு குடும்பஸ்தனுக்கு எதற்காக வரும்? அதற்கு யோக்கியமான காரணம் ஏதாவது இருந்தால் எழுதுங்கள். நானும் யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டேன், எனக்கு வருகிற காரணம் எதுவும் யோக்கியமாக இல்லை.

எங்கள் வண்டி எவ்வளவு ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியும். வாங்கும்போது காடு ஏறும், மலை ஏறும், ஆற்றில் இறங்கும் என்றார். ஏறும்தான், யார் ஏற்றினார்கள்? இவருக்கு எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலை. வீட்டில் ஊற்றிய டீயைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தால் ஆறுவதற்குள் ஆபீஸ் வந்துவிடும். வண்டி போவது ரிங்லெட்டுக்குச் சாமான் வாங்க, தானா ராத்தாவுக்குப் பாப்பா ஊசிக்கு, எப்போதாவது கியா பார்முக்கு, அதுவும் அங்கே வண்டி நிறுத்த இடம் கிடைக்காமல் ஸ்ட்ராபெரியைக் கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்பி வருவதற்கு. தார் ரோட்டை விட்டு அது கீழே இறங்கியது எனக்குத் தெரிந்து ஒரே முறை, சுற்றுலா பஸ்ஸுக்கு வழிவிடுவதற்காக. அன்றைக்கும் வீட்டுக்கு வந்ததும் டயரில் ஒட்டிய மண்ணைக் குச்சியால் சுரண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இப்படிப்பட்ட வண்டிக்குத்தான் ஸ்பிரிங் பத்தவில்லையாம்.

எனக்கு அந்த ஸ்பிரிங் எப்படிப்பட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் மருமகள் தூங்க மாட்டாள் என்பது உங்களுக்குத் தெரியும். நீங்கள் வாங்கிக் கொடுத்த ஸ்பிரிங் தொட்டிலில் போட்டால் மேலே அந்த ஸ்பிரிங்கையே பார்த்துக்கொண்டு, இது எங்கே போய் முடிகிறது என்று ஆராய்கிற முகத்தோடு கிடக்கிறாள். தோளில் போட்டால் என் தோட்டைப் பிடித்து இழுக்கிறாள். திருவிழாவுக்கு என்று கோயிலில் வேறு தினமும் மேளம் பழகுகிறார்கள், கேட்கவே வேண்டாம். ஆனால் இந்த வண்டியில் ஏற்றி எஸ்டேட் ரோட்டில் ஒரு சுற்று வந்தால் போதும். ஒரு குழியில் இறங்கினால் வண்டி மேலும் கீழும் மெதுவாக ஆடி ஆடித்தான் அடங்கும், அடங்குவதற்குள் அடுத்த குழி வந்துவிடும், தேயிலை வளைவு தாண்டுவதற்குள் பாப்பா வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிடுவாள். அவள் தூங்கினால்தான் நான் தூங்குவேன், நான் தூங்கினால்தான் இந்த வீட்டில் யாரும் உயிரோடு இருக்க முடியும். அந்த ஆட்டத்தைத்தான் இவர் நிறுத்தப் பார்க்கிறார்.

ஆரம்பித்தது இப்படி. ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டிக்குப் பின்னால் போய்க் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். பெருமூச்சு விட்டார். நான் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"பின்னால தொஞ்சு போயிருக்கு லோகா."

"யாருக்கு?"

"வண்டிக்கு லா."

"எனக்கு ஒண்ணும் தெரியலயே."

"இப்ப தெரியாது. கனம் ஏறினா தெரியும்."

"என்ன கனம் ஏறப் போவுது?"

டயரைத் தட்டினார். எழுந்து நின்று கால்சட்டையைத் தட்டினார். "பொதுவா சொன்னேன்," என்றார். கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதர் எதையும் பொதுவாகச் சொல்லி நான் கேட்டதில்லை. குழம்பில் உப்பு என்றால் எந்தப் பக்கத்துக் கரண்டியில் உப்பு என்று சொல்கிற ஆள்.

நான் கெமிஸ்ட்ரி படித்தவள், ஆராயாமல் ஒருவர்மேல் பழி போட மாட்டேன். பாப்பா பால் குடிக்கிற நேரமெல்லாம் போனில் ஸ்பிரிங்கைப் பற்றித்தான் படித்தேன். உலகம் பூராவும் ஆம்பிளைகள் இதைப் பற்றி எழுதிக்கொண்டே இருக்கிறார்கள், அவர்கள் வீட்டில் யாருக்கும் பிள்ளை இல்லை போலிருக்கிறது. ஆனால் அவர்களில் புத்தியுள்ளவர்கள் எல்லாரும் சொல்வது ஒன்றுதான். எப்போதும் பாரம் ஏற்றுகிறவனுக்குத்தான் தடித்த ஸ்பிரிங். வெறும் வண்டியில் அதைப் போட்டால், அழுத்த ஆள் இல்லாமல் அது விறைத்துக்கொண்டு நிற்கும், சின்னக் கல்லில் ஏறினாலும் தலை கூரையில் இடிக்கும். வண்டியை உயர்த்தினால் வளைவில் சாயும், எங்கள் ஊரில் வளைவு இல்லாத ரோடு ஏது? முதலில் டயர் காற்றைப் பார், புஷ் என்கிற ரப்பர் தேய்ந்திருக்கிறதா பார், அப்சர்பரில் எண்ணெய் கசிகிறதா பார், அதை மாற்று, அப்புறமும் மனசு அடங்கவில்லை என்றால் கொஞ்ச நாள் பொறு என்கிறார்கள். இதை இவரிடம் படித்துக் காட்டினேன். "அவங்க சொல்றது சரிதான். ஆனா அவங்களுக்கு நம்ம நெலம தெரியாதுல," என்றார். நம்ம நிலைமையா? எனக்கே தெரியாத அந்த நிலைமை என்ன?

அப்புறம் ஒர்க்‌ஷாப். ரிங்லெட்டில் ஒர்க்‌ஷாப் இருக்கிறது, அங்கே போகாமல் மலை ஏறி அந்தக் கோடி, கம்போங் ராஜா வரைக்கும் போக வேண்டும் என்றார். ரிங்லெட்டில் எங்களைத் தெரிந்தவர்கள் அதிகம், அதைத் தவிர வேறு என்ன காரணம்? நானும் வருவேன் என்று பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டேன். அந்தச் சீனத்து போர்மேன் நல்ல மனுஷன், வண்டிக்கு அடியில் போய் வந்து கையைத் துடைத்துக்கொண்டு, அவனுக்குத் தெரிந்த தமிழில், "வண்டி நல்லா இருக்கு லா. புஷ் மாத்து, ஒரு அப்சர்பர் எண்ணெ ஊத்துது, அது மாத்து. ஸ்பிரிங் எதுக்கு? நீ என்னா ஏத்துறே?" என்று கேட்டான். நான் மூன்று நாளாகக் கேட்ட அதே கேள்வி. இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அந்த ஆளின் தோளில் கை போட்டு டயர் அடுக்கி வைத்திருந்த பக்கம் கூட்டிக்கொண்டு போய்க் குசுகுசுவென்று மலாயில் ஏதோ சொன்னார். அந்த ஆளுக்குக் குசுகுசு தெரியாது. "பெரம்புவான்?" என்று கத்தினான். பொம்பளையா என்று கேட்கிறான், அண்ணே. இவர் தலையை ஆட்டினார். "ரொம்ப கனமா?" இவர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். அந்த போர்மேன் என் பக்கம் திரும்பி, பாப்பாவைப் பார்த்து, மறுபடி இவரைப் பார்த்து, இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டான். முன்பின் தெரியாத ஒரு மனிதன் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டுக் கும்பிடும் அளவுக்கு என் வாழ்க்கை வந்துவிட்டது. திரும்பி வரும் வழியில் பிரிஞ்சாங் வரைக்கும் நான் பேசவில்லை. பிரிஞ்சாங்கில் பாப்பாவுக்குப் பசித்ததால் பேச வேண்டியதாகிவிட்டது.

இனி எழுதப்போவதைப் பதற்றப்படாமல் படியுங்கள். போன வெள்ளிக்கிழமை சாயந்திரம் நான் குளியலறையில் பாப்பாவின் துணியை அலசிக்கொண்டிருந்தேன், இவர் அந்தச் சன்னலுக்கு வெளியே நின்று போனில் பேசினார். அந்தப் பக்கம் யாரோ ஒரு மச்சான். இவருக்கு மலையிலிருந்து கடல்வரைக்கும் எல்லாரும் மச்சான்தான், எந்த மச்சான் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. நான் குழாயை மூடிவிட்டுக் கேட்டேன்.

"இல்ல மச்சான், அவ ஏறினா பின்பக்கம் அப்படியே உக்காந்துடும். முன்னால எப்படி, பின்னாலதான். அலங்காரம் எல்லாம் பண்ணிட்டா எறங்க மாட்டா, உக்காந்தபடியேதான் வருவா. குலுங்கக் கூடாது, நகையெல்லாம் கழண்டுடும். எஸ்டேட் பூரா ஒரு சுத்து சுத்திட்டு விடியறதுக்குள்ள கொண்டுபோயி விட்டுடணும்."

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேச்சு. பிறகு இவர் குரலைத் தாழ்த்தினார்.

"லோகாவுக்கு இப்ப தெரிய வேணாம் மச்சான். நல்லபடியா முடியட்டும், நானே சொல்லிக்கிறேன். அவளுக்காகத்தான இவ்வளவும்."

எனக்காகவாம். நகை போட்ட ஒருத்தியை விடிய விடிய வண்டியில் வைத்து எஸ்டேட் பூராவும் சுற்றுவது எனக்காகவாம். அந்த மச்சான் யார் என்று மட்டும் தெரிந்தால், அவன் குடும்பத்துக்கு நானே ஒரு கடிதம் எழுதுவேன். ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கெடுக்கிறதற்கு ஸ்பிரிங் அளவு சொல்லிக் கொடுக்கிறானே, அவனுக்கு அக்கா தங்கச்சி இல்லையா?

மறுநாள் இவர் ஆபீசுக்குப் போனதும் வண்டியைச் சோதித்தேன். பின்சீட்டுக்கு அடியில் ஒரு துணிப்பை. உள்ளே அரக்கு நிறத்தில் அசல் பட்டு, ஜரிகை ஒரு முழம் அகலம், ஒரு கட்டு கண்ணாடி வளையல். எனக்குத்தானோ என்று ஒரு நிமிடம் நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன், சந்தோஷமாகக்கூட இருந்தது. விரித்துக் கட்டிப் பார்த்தேன். முழங்காலுக்கு மேலே நின்றுவிட்டது. நீளமும் பத்தவில்லை, ஒரு சுற்று வந்து முந்தானைக்கு வழியில்லை. வளையல் என் கட்டைவிரலைத் தாண்டவில்லை. ஆக, கனமானவள், ஆனால் குள்ளமானவள். மணிக்கட்டு சிறுத்தவள். இந்த உடம்பு எப்படி அமையும் என்று எனக்குப் புரியவில்லை, ஆனால் ஆதாரம் ஆதாரம்தான். மடிப்புக் கலையாமல் திரும்ப வைத்துவிட்டேன்.

குள்ளம் என்றதும் எனக்கு நளினிதான் நினைவுக்கு வந்தாள். எங்கள் எஸ்டேட் பாலர் பள்ளிக்குப் புதிதாக வந்த டீச்சர். என் தோளுக்குக் கீழே இருப்பாள், பூசினாற்போல உடம்பு, எப்போது பார்த்தாலும் "கிராணி சார் நல்லா இருக்காங்களா அக்கா?" என்பாள். இவர் நல்லா இருந்தால் அவளுக்கு என்ன, இல்லாவிட்டால் அவளுக்கு என்ன? செவ்வாய்க்கிழமை ரிங்லெட்டில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள். நான் வண்டியை நிறுத்தி ஏறச் சொன்னேன். முன்கதவைத் திறந்தாள். "இல்லமா, பின்னால ஏறு, பாப்பா பக்கத்துல," என்றேன். அவள் ஏறுவதற்குள் நான் இறங்கி வண்டிக்குப் பின்னால் போய் நின்று சக்கரத்துக்கும் தகரத்துக்கும் நடுவே என் கையை வைத்துக்கொண்டேன். என் கை அளவுக்கு இடைவெளி. அவள் உட்கார்ந்த பிறகும் என் கை அளவுக்கு இடைவெளி. ஒரு விரல்கூட இறங்கவில்லை.

"நளினி, கொஞ்சம் குதிச்சு உக்காரு."

"என்னக்கா?"

"குதிச்சு உக்காருமா. சீட்டு சரியில்ல."

குதித்தாள். பாப்பா கைதட்டினாள். வண்டி ஆடியது, அடங்கியது, கை அளவுக்கு இடைவெளி. அவள் சன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கீழே பார்த்தாள்.

"டயர்ல காத்து இல்லையாக்கா?"

"காத்தெல்லாம் இருக்கு. நீ எவ்வளவு கனம் இருப்ப?"

அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியவில்லை. இறங்கும்போது, "நான் இப்ப சோத்தக் கொறைச்சிட்டேங்க்கா," என்று சொல்லிவிட்டு நடந்தாள். அவள் இல்லை, அண்ணே. அது ஒரு நிம்மதி. ஆனால் அவள் இல்லையென்றால் அவளைவிடக் கனமான ஒருத்தி இருக்கிறாள் என்று அர்த்தம், அது நிம்மதி இல்லை. அவள் ஏறினால் பின்பக்கமே உட்கார்ந்துவிடும் என்றால் என்ன சாப்பிடுகிறாள்?

மனசு கேட்காமல் பக்கத்து வீட்டு சரோஜா அக்காவிடம் கொஞ்சமாக வாயை விட்டேன். அவர்கள் தேயிலைக் கொழுந்து கிள்ளிக் கிள்ளி இந்த எஸ்டேட்டில் யார் வீட்டில் என்ன வேகிறது என்று மூக்கிலேயே சொல்கிறவர்கள். "அக்கா, இவரு வண்டிய ஒசத்துறாரு, யாரையோ ஏத்தப் போறாரு போலருக்கு, உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா?" என்றேன். அவர்கள் முகம் ஒரு மாதிரி மலர்ந்தது. உடனே வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது தாயி. தெரிஞ்சாலும் நான் சொல்லக் கூடாது."

"அக்கா."

"அவ வந்தா ஒனக்கும் நல்லதுதான? நீ ஏன் மூஞ்சத் தூக்கி வச்சிக்கிற? வாசலத் தெளிச்சு, ஒரு கோலத்தப் போட்டு, சிரிச்ச மூஞ்சியா நில்லு. அவ மனசு குளுந்தா போதும்."

இதற்கு மேல் நான் என்ன சொல்ல? கோலம் போட்டு வரவேற்க வேண்டுமாம். இந்த எஸ்டேட்டே கூட்டு, அண்ணே. ஆபீஸ் வாசலில் போனால் பேச்சை நிறுத்துகிறார்கள். கடையில் எனக்கு மட்டும் தேங்காய் பெரியதாகப் பொறுக்கித் தருகிறார்கள். முந்தாநாள் ஒரு பெரியவர் என்னைப் பார்த்து, "கிராணி கொடுத்து வச்சவரு," என்று சொல்லிவிட்டுப் போகிறார். பொண்டாட்டியிடமே சொல்கிறார்கள்.

நான் இவரை நேரடியாகக் கேட்கவில்லை. கேட்டுவிடலாம்தான், கேட்டு அவர் ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? அந்தத் தைரியம் இல்லாமல்தான் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். பாப்பா பிறந்த சமயத்தில் இவர் இப்படி இல்லை. உங்களுக்கு நினைவிருக்கும், தானா ராத்தா ஆஸ்பத்திரியில் இங்கே முடியாது, ஈப்போவுக்குக் கொண்டு போங்கள் என்று சொன்ன அன்றைக்கு அப்படி ஒரு மழை. சிம்பாங் பூலாய் ரோட்டில் மண் சரிந்து அடைத்துக்கொண்டது, ஆம்புலன்ஸ் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது, என்னைப் பின்சீட்டில் படுக்கவைத்து இதே வண்டியில் தாப்பா வழியாக இறங்கினார். நான் கத்திக்கொண்டே வந்தேன். இவர் ஒரு வார்த்தை பேசவில்லை, உதடு மட்டும் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. முன்னால் போன கோஸ் லோரியைத்தான் திட்டுகிறார் என்று நினைத்தேன். அன்றைக்கு ஒவ்வொரு வளைவிலும் இந்த வண்டி என்னைத் தூக்கிப் போடாமல் மெத்தென்று ஆட்டி ஆட்டிக் கொண்டுபோய்ச் சேர்த்தது. உங்கள் மருமகள் அந்த ஆட்டத்தை வயிற்றுக்குள் இருந்தே பழகிக்கொண்டாள் என்றுதான் நினைக்கிறேன். அந்த ஸ்பிரிங்கை, எவளோ ஒருத்தி சொகுசாக உட்கார வேண்டும் என்பதற்காக, இவர் கழற்றிக் காயலான் கடையில் போடப் போகிறார். எனக்கு மற்றதெல்லாம்கூடப் பிறகுதான். இதுதான் தாங்கவில்லை.

ஆகவே அண்ணே, நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். இவருக்குப் போன் போட்டு, தற்செயலாகப் பேசுகிற மாதிரிப் பேசி, அதிகம் ஓடாத வண்டிக்குத் தடித்த ஸ்பிரிங் ஆகாது, அச்சு ஒடிந்துவிடும், என்ஜின் வெடித்துவிடும், ஏதாவது சொல்லுங்கள். புஷ்ஷும் ஒரு அப்சர்பரும் போதும் என்று சொல்லுங்கள். உங்கள் பேச்சை இவர் கேட்பார். பேச்சோடு பேச்சாக அந்த மச்சான் யார் என்றும் விசாரியுங்கள். விசாரித்து எனக்கு எழுதுங்கள், கோஸ் பெட்டியைத் திருப்பி அனுப்புகிற சாக்கில். எனக்குக் கூடப்பிறந்தது நீங்கள் ஒருவர்தான்.

அண்ணிக்கு என் அன்பு. நீங்கள் இருவரும் எந்தக் குறையும் இல்லாமல், ஒருவருக்கொருவர் எதையும் மறைக்காமல், நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும் என்று மறைக்கப்பட்டவள் வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
தூக்கமில்லாத தங்கை
லோகேஸ்வரி

பின்குறிப்பு: அண்ணே, லோரி இன்னும் வரவில்லை, விடிந்துவிட்டது, கோஸை எடுத்துவிட்டுக் கடிதத்தை வெளியே எடுத்து இதை எழுதுகிறேன். இவர் ஆபீசுக்குப் போனதும் கோயில் தலைவர் தங்கையா மாமா கையில் அளவு டேப்போடு வந்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வண்டியின் பின்பக்கத்தை நீளம் அகலம் எல்லாம் அளந்தார். நான் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று, இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று, "யாரு மாமா ஏறப் போறா?" என்றேன். அவர் டேப்பை விடாமலே, "ஆத்தாதான் தாயி. வேற யாரு?" என்றார்.

ஆத்தாதான், அண்ணே. எங்கள் மாரியம்மன். உற்சவச் சிலை. குள்ளமாக, கனமாக, பட்டுக் கட்டி, வளையல் போட்டு, நகையோடு, இறங்காமல், உட்கார்ந்தபடியே. இந்த எஸ்டேட்டுக்கு வந்த பிறகு நடந்த ஒரே திருவிழாவுக்கு நான் பாப்பாவோடு ஈப்போவில் இருந்தேன், அவளை நான் ஊர்வலத்தில் பார்த்ததே இல்லை. எஸ்டேட் லோரியில் போவாள் என்று மட்டும் தெரியும்.

"எஸ்டேட் லோரி என்னாச்சு மாமா?"

"லோரி நிக்கிது. கிராணிதான் என் வண்டியிலதான் தூக்குவேன்னுட்டாரு. வேண்டுதல் லா. அந்த மழையில ஒன்னயப் பின்னால போட்டுக்கிட்டு எறங்கினாருல்ல, அப்ப வேண்டிக்கிட்டாராம். ரெண்டு உசுரும் பத்திரமாப் போய்ச் சேந்துட்டா, இவங்களக் கொண்டு போன இதே வண்டியில ஒன்னய ஏத்தி எஸ்டேட்ட சுத்திக் கொண்டாறேன் ஆத்தான்னு. அதான் ஸ்பிரிங்கு. ஒங்க அண்ணன்தான ஈப்போவுலருந்து..."

அங்கே நாக்கைக் கடித்துக்கொண்டார். நிஜமாகவே கடித்துக்கொண்டார், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. யாருக்காக வேண்டிக்கொண்டோமோ அவர்கள் காதில் நேர்த்திக்கடன் முடிகிறவரைக்கும் அது விழக் கூடாதாம், விழுந்தால் பலிக்காதாம். எஸ்டேட் பூராவும் அதற்காகத்தான் வாயைக் கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறது. "தாயி, நான் ஒண்ணும் சொல்லல," என்றார்.

"எனக்கு ஒண்ணும் கேக்கல மாமா. பாப்பா அழுதுச்சு," என்றேன்.

பாப்பா அழவில்லை. அவள் டேப்பின் மறுமுனையைத் தின்றுகொண்டிருந்தாள்.

முன்னால் போன லோரியை இவர் திட்டவில்லை, அண்ணே. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன், கடிதம் நனைந்தால் கோஸ்மேல் பழி போட முடியாது, கோஸை வெளியே எடுத்துவிட்டேன்.

நீங்கள்தான் அந்த மச்சான் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. உங்களைப் பற்றி மேலே எழுதியதில் அக்கா தங்கச்சி இல்லையா என்று கேட்ட இடத்தை மட்டும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், மீதியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். இப்போது ஸ்பிரிங் விஷயம். ஆத்தா ஏறட்டும், தடுக்க நான் யார்? ஆனால் வருஷத்தில் ஒரு ராத்திரி அவள் குலுங்காமல் வருவதற்காக மற்ற நாளெல்லாம் என் பிள்ளை குலுங்கக் கூடாது. பிள்ளையைக் கொடுத்தவள் அவள், அவளுக்கே இது புரியும். நான் படித்ததில் ஒன்று இருக்கிறது. இருக்கிற ஸ்பிரிங்கைக் கழற்றாமல் அதற்குத் துணையாக ஒரு காற்றுப் பை வைக்கலாமாம். பாரம் ஏறும்போது காற்றடித்துக்கொள்ளலாம், இறங்கியதும் தளர்த்தி விட்டுவிடலாம், வண்டி பழையபடி ஆடும். அதை அனுப்புங்கள், கூடவே புஷ்ஷும் அந்த எண்ணெய் கசியும் அப்சர்பருக்கு மாற்றும். நீங்களே யோசித்துக் கண்டுபிடித்த மாதிரி இவரிடம் சொல்லுங்கள். எத்தனை கிலோவுக்கு என்று கேட்பீர்கள். தங்கையா மாமாவிடம் கேட்டேன், "பொம்பளையப் பாத்துக் கேக்குற கேள்வியா இது?" என்றார். ஸ்பிரிங்குக்குத் தெரிய வேண்டும் என்றேன். "தூக்குறவன் மனசு சுத்தமா இருந்தா பூ மாதிரி இருப்பா. இல்லன்னா எட்டுப் பேரு சேந்தாலும் அசைய மாட்டா," என்றார். இதற்கு உங்கள் கடையில் எந்த சைஸ் இருக்கிறதோ அதை அனுப்புங்கள். நளினிக்கு ஒரு பெட்டி நல்ல பிஸ்கட்டும் அனுப்புங்கள், அந்தப் பெண் சாப்பிடாமல் இருக்கிறாள்.

கடைசியாக ஒன்று, இதுதான் முக்கியம். எனக்குத் தெரிந்தது இவருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் வேண்டுதல் கெட்டுவிட்டது என்று மனுஷன் ஒடிந்துபோவார். அதனால் மேலே எழுதியிருக்கிற எதையும் கிழித்துப் போடாதீர்கள். போனில் இவருக்கு அதை வரிவரியாகப் படித்துக் காட்டி, லோகா உங்கள்மேல் பயங்கரச் சந்தேகத்தில் இருக்கிறாள், அவளுக்கு ஒரு மண்ணும் தெரியாது என்று சொல்லுங்கள். இந்தப் பின்குறிப்பை மட்டும் படிக்காதீர்கள். திருவிழா முடிகிறவரைக்கும் நான் சந்தேகப்பட்டுக்கொண்டே இருக்கிறேன். நடிக்க வருமா என்று அண்ணி கேட்டால், கவலை வேண்டாம் என்று சொல்லுங்கள். இப்போது டீ குடிக்க வந்தவரிடம், கோப்பையை நீட்டிக்கொண்டே, "யாருங்க அவ?" என்றேன். பாதி டீ சட்டையில். பாவமாகத்தான் இருந்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டேன். லோரி ஹாரன் கேட்கிறது.

லோகா